மடக்கினால் சிலேட்டு, விரித்தால் கணினி

(தில்லியில் புதிதாக எழுத்தறிவு பெற்ற தமிழ் மக்களிடையே ஆற்றிய உரை)



மேஜை மேல் ஒரு பொருள் இருக்கிறது. நான் வந்ததிலிருந்து எல்லோரும் என்னைப் பார்க்காமல் அதைத்தான் பார்க்கிறீர்கள். நல்லதுதான். இன்று பேச்சும் அதைப் பற்றித்தான்.

மூடி வைத்திருக்கும்போது இது ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் போல இருக்கிறது. இதன் பெயர் மடிக்கணினி. லேப்டாப் என்றும் சொல்லுவார்கள். தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டில் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாமல் மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. ஊரில் உங்கள் அக்கா பிள்ளையோ அண்ணன் பிள்ளையோ வாங்கியிருக்கலாம். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். ஆனால் இதற்கு ஒரு தனிக் குணம் உண்டு. அந்தக் குணம் இதன் கீலில் இருக்கிறது.

கீல் என்றால் என்ன? கதவைச் சட்டத்தோடு பிடித்துக்கொண்டு திறக்கவும் மூடவும் உதவுகிறதே, அதுதான் கீல். மடிக்கணினியில் மேல் பாதி திரை. கீழ் பாதி எழுத்துப் பொத்தான்கள். இரண்டையும் கீல் இணைக்கிறது. சாதாரண மடிக்கணினியின் கீல் ஓர் அளவுக்கு மேல் திரும்பாது. வலுவாகத் தள்ளினால் உடைந்துவிடும். ஆகவே எந்த மடிக்கணினியைக் கண்டாலும் பின்னால் வளைத்துப் பார்க்காதீர்கள். வளையும் வகைதானா என்று கேட்டுவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

இது வளையும் வகை. இதோ பாருங்கள், திறக்கிறேன். இப்போது சாதாரண மடிக்கணினி போல இருக்கிறது. இன்னும் தள்ளுகிறேன். திரை மல்லாந்து படுத்துவிட்டது. இன்னும் தள்ளுகிறேன். இப்போது இதைக் கவிழ்த்து நிறுத்துகிறேன். இரண்டு சீட்டுகளைச் சாய்த்து நிறுத்துவோமே, அப்படிக் கூடாரம் போல நிற்கிறதா? சமையல் மேடை ஓரத்தில் வைத்துக்கொண்டு பாடம் கேட்க இந்த நிலை வசதி. இனி முழுவதும் மடக்குகிறேன். திரையின் முதுகும் பொத்தான்களின் முதுகும் ஒட்டிக்கொண்டன. இப்போது கையில் இருப்பது என்ன? ஒரு சிலேட்டு!

சிலேட்டாக மடக்கியதும் பொத்தான்கள் அடிப்பக்கம் போய்விட்டன. கை பட்டு எழுத்து விழுந்துவிடாதா என்று கேட்பீர்கள். விழாது. மடக்கியவுடன் பொத்தான்கள் தாமாகத் தூங்கிவிடும். திரையில் உள்ள எழுத்தும் நாம் பிடிக்கும் பக்கத்துக்கு ஏற்பத் திரும்பும். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று அறியும் ஒரு சிறிய பொருள் உள்ளே இருக்கிறது. உங்கள் செல்போனிலும் அதுவே இருக்கிறது.

2002ஆம் ஆண்டு வாக்கில் வந்த இந்த வகைக் கணினிகளில் கீல் நடுவில் ஒன்றே ஒன்று இருந்தது. கழுத்தைத் திருப்புவது போலத் திரையைத் திருப்பிக் கவிழ்க்க வேண்டும். முழுவதும் பின்னால் மடங்கும் வகை ஒன்றை 2012இல் லெனோவா என்ற கம்பெனி விற்றது. அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? யோகா! நம் நாட்டு யோகாசனத்தின் பெயர்தான். உடம்பை வில்லாக வளைக்கிறோம் அல்லவா, அது போல இதுவும் வளைகிறது. 2014இல் அதே கம்பெனி கைக்கடிகாரப் பட்டை போல ஒரு கீல் செய்தது. அந்தக் கீலில் மட்டும் 813 சிறு உலோகத் துண்டுகள் இருந்தன. மடக்குவது என்றால் சும்மா இல்லை!

இனித் தொடும் திரையைப் பார்ப்போம்.

இந்தத் திரையைத் தொட்டால் வேலை செய்கிறது. எப்படி? கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்வலை ஒன்று விரித்திருக்கிறது. நம் உடம்பில் நீரும் உப்பும் உண்டு. அதனால் உடம்பு வழியே மின்சாரம் பாயும். விரல் கண்ணாடியில் பட்டதும் அந்த வலையில் மிக மிகச் சிறிய மாற்றம் உண்டாகிறது. எந்த இடத்தில் மாற்றம் என்று கணினி கண்டுகொள்கிறது. பயப்பட வேண்டாம், ஷாக் அடிக்காது. நகத்தால் தட்டினால் திரைக்குத் தெரியாது. குளிர்காலக் கையுறை போட்டுக்கொண்டு தொட்டாலும் தெரியாது. கை ஈரமாக இருந்தால் திரை குழம்பிவிடும். ஏனென்றால் தண்ணீரும் விரல் போலவே தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். செங்கல் தூக்கியும் பாத்திரம் தேய்த்தும் துணி துவைத்தும் விரல் காய்ந்து காப்புக் காய்த்திருக்கும். அப்படிப்பட்ட விரலைச் சில நேரம் திரை அறியாது. இரண்டு முறை தொட்டும் அசையவில்லை என்றால் "எனக்கு இது வராது" என்று கையை எடுத்துவிடுகிறார்கள். கோளாறு உங்களிடம் இல்லை. தோல் தடித்துக் காய்ந்திருப்பதால் வலைக்கு விரல் தெரியவில்லை, அவ்வளவுதான். விரல் நுனிக்குப் பதில் விரலின் பக்கவாட்டில் மெதுவாகத் தொடுங்கள். கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்த கை என்றால் இன்னும் எளிது. அழுத்தவே வேண்டாம். அழுத்துவதால் பயன் இல்லை.

அழுத்த வேண்டிய திரையும் ஒரு காலத்தில் இருந்தது. 2011 அக்டோபர் 5ஆம் நாள் இதே தில்லியில் 'ஆகாஷ்' என்ற சிலேட்டுக் கணினியை மத்திய அரசு வெளியிட்டது. மாணவர்களுக்கு மலிவு விலையில் கொடுக்க நினைத்தார்கள். அரசு வாங்கிய விலை ஏறத்தாழ 2,300 ரூபாய். அதன் திரை விரலின் மின்சாரத்தை அறியாது. அழுத்தத்தைத்தான் அறியும். வேகமும் குறைவு. பிள்ளைகள் அழுத்தி அழுத்திச் சலித்துப் போனார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பொருள் நன்றாக இல்லாவிட்டால் எண்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்தப் பெட்டியோடு ஒரு பேனாவும் இருக்கிறது. மை கிடையாது. திரையில் எழுதினால் எழுத்து விழும். கையெழுத்துப் போடலாம். கோலம் கூடப் போடலாம். இரண்டு விரலைத் திரையில் வைத்து விரித்தால் எழுத்து பெரிதாகும். கூட்டினால் சிறிதாகும். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் இதை மறக்கக் கூடாது.

பெயர்கள் எல்லாம் ஆங்கிலமாக இருக்கிறதே, எப்படி நினைவு வைப்பது என்று ஓர் அம்மா போன வாரம் கேட்டார்கள். அதற்கு நம் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நேரு பிளேஸ் அருகே கல்காஜி இருக்கிறது அல்லவா? 1999 ஜனவரி 26ஆம் நாள் அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. என்.ஐ.ஐ.டி. என்ற கணினிப் பயிற்சி நிறுவனத்தின் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசைப் பகுதி. அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த சுகதா மித்ரா என்பவர் சுவரில் ஓட்டை போட்டு ஒரு கணினியைப் பதித்தார். திரை குடிசைப் பக்கம் பார்த்திருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் வந்தார்கள். தொட்டார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். ஆங்கிலம் தெரியாத பிள்ளைகள், திரையில் ஓடும் அம்புக் குறிக்குத் தாங்களே பெயர் வைத்தார்கள். சுயி என்றார்கள். சுயி என்றால் இந்தியில் ஊசி. 'பொறு' என்று காட்டும் மணற்கடிகாரப் படத்துக்கு டமரு என்று பெயர். சிவபெருமான் கையில் இருக்கும் உடுக்கைதான் அது. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

இந்தச் சோதனையை வைத்து, ஆசிரியரே தேவையில்லை என்று கூடச் சிலர் பேசினார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பிள்ளைகளுக்கு மாலை முழுவதும் நேரம் இருந்தது. உங்களுக்கு வேலை முடிந்து, சமைத்து, அதன் பிறகு ஒரு மணி நேரம். பக்கத்தில் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். ஆனால் பெயர் வைக்கும் உரிமையை அந்தப் பிள்ளைகளிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம். ஊசி என்பீர்களோ, அம்பு என்பீர்களோ, உங்கள் விருப்பம்.

அதே 1999இல் சென்னையில் ஒரு காரியம் நடந்தது. தமிழிணையம் 99 என்ற மாநாட்டை ஒட்டி, கணினியில் தமிழ் எழுத ஒரு முறை வகுத்தார்கள். தமிழ்99 என்று அதற்குப் பெயர். இப்போதுதான் உயிரும் மெய்யும் படித்து முடித்த உங்களுக்கு இது மிக எளிது. தமிழில் 247 எழுத்து. அத்தனைக்கும் பொத்தான் வேண்டுமா? வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. 31 பொத்தான் போதும். உயிர் இடது பக்கம். மெய் வரிசை பெரும்பாலும் வலது பக்கம். 'க' தட்டி 'இ' தட்டினால் 'கி' வந்துவிடும். 'அம்மா' என்று எழுத வேண்டுமா? அ, ம, ம, ஆ என்று தட்டுங்கள். முதல் 'ம' மேல் புள்ளி தானே விழும். கரும்பலகையில் நாம் கூட்டிப் படித்த அதே கணக்குத்தான்.

பொத்தான்கள் மேல் ஆங்கில எழுத்துத்தானே அச்சடித்திருக்கிறது என்பீர்கள். உண்மை. அங்கேதான் தொடும் திரை கைகொடுக்கிறது. சிலேட்டாக மடக்கியதும் திரையிலேயே பொத்தான்களின் படம் தோன்றும். அதில் தமிழ் எழுத்துகளை வர வைக்கலாம். அ என்று எழுதிய இடத்தைத் தொட்டால் அ விழும்.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு கணினி இருக்கும் இடத்துக்கு நாம் போகிறோம். ரேஷன் கார்டு, ஆதார் திருத்தம், முதியோர் பென்ஷன், பள்ளிச் சேர்க்கை, ஏதோ ஒன்று. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் தட்டுகிறார். திரை அவர் பக்கம் பார்த்திருக்கிறது. நாம் பார்ப்பது திரையின் முதுகை. அவர் கேட்கிறார், நாம் சொல்கிறோம். அவர் என்ன தட்டினார் என்று நமக்குத் தெரியாது. கடைசியில் ஒரு காகிதம் வரும். கையெழுத்துப் போடு என்பார். போடுகிறோம்.

முருகேசன் என்று ஒரு பெயரை வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் குப்பன். நம் வழக்கப்படி கு. முருகேசன். தில்லியில் தட்டுகிறவர், "சர்நேம் என்ன?" என்று கேட்பார். நமக்கு அப்படி ஒன்று கிடையாதே! அவர் பார்த்து ஏதாவது போட்டுவிடுவார். ஒரு காகிதத்தில் முருகேசன் குப்பன். இன்னொன்றில் முர்கேஷ் குமார். ஐந்து வருடம் கழித்து, வங்கியில் "இருவரும் ஒரே ஆள் என்று நிரூபியுங்கள்" என்பார்கள். எண்ணிலும் இதே கதைதான். பிறந்த ஆண்டு 1978. தட்டுகிறவர் விரல் மாறி 1987 என்று விழுந்துவிட்டால்? கணினி உங்கள் வயதில் ஒன்பதைக் கழித்துவிடும். இளமை திரும்பியது என்று சந்தோஷப்பட முடியுமா? முதியோர் பென்ஷன் ஒன்பது வருடம் தள்ளிப் போகும்.

ஆகவே, தட்டி முடித்ததும் திரையை நாம் பார்க்க வேண்டும். இது நாம் கேட்கும் சலுகை இல்லை. முதல் ஆதார் எண்ணை 2010 செப்டம்பர் 29ஆம் நாள் மகாராஷ்டிரத்தில் தெம்ப்ளி என்ற ஊரில் கொடுத்தார்கள். ஆதார் பதிவுக்கு வகுத்த முறையிலேயே இது இருக்கிறது. பதிவு செய்பவருக்கு ஒரு திரை. பதிவு செய்துகொள்பவர் சரிபார்க்க, அவரைப் பார்த்தபடி இன்னொரு திரை. பல ஊர்களில் அந்த இரண்டாவது திரை சுவரைப் பார்த்திருக்கும், அல்லது அணைந்திருக்கும். கேட்டால் திருப்புவார்கள். கேட்கிறவர்கள்தான் குறைவு.

இந்த மடங்கும் கணினியின் சிறப்பு இங்கே விளங்கும். இதற்கு இரண்டாவது திரை தேவையில்லை. தட்டி முடித்தவர் திரையைப் பின்னால் சாய்த்து இப்படித் திருப்பினால் போதும். மேஜையின் அந்தப் பக்கம் இருந்த எழுத்து இந்தப் பக்கம் வந்துவிடும். சாதாரண மடிக்கணினி என்றால் பெட்டியையே திருப்பி வைக்கலாம். மேஜைக் கணினி என்றால் திரையை மட்டும் திருப்பலாம். திருப்ப முடியாத திரை இல்லை.

எப்படிக் கேட்பது? இந்தியில் ஒரு வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள். "பையா, ஸ்கிரீன் ஜரா இதர் குமா தீஜியே." அண்ணா, திரையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள் என்று அர்த்தம். மரியாதையான பேச்சு. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். ஒரு நிமிடம்தான் ஆகும்.

"தமிழ்தானே படிக்கத் தெரியும், திரையில் இந்தியும் ஆங்கிலமும் இருக்குமே" என்று கேட்கிறீர்கள். சரியான கேள்வி. எண்கள் பெரும்பாலும் நாம் படித்த அதே எண்கள். பிறந்த தேதி, ஆதார் எண், செல்போன் எண், வீட்டு எண் எல்லாவற்றையும் நீங்களே பார்த்துவிடலாம். பெயருக்கு ஒரு வழி உண்டு. உங்கள் பெயரையும் அப்பா பெயரையும் தமிழில், இந்தியில், ஆங்கிலத்தில் என்று மூன்று விதமாக ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பைக்குள் வைத்திருங்கள். தட்டும்போது அந்தச் சீட்டைக் கொடுங்கள். திரை திரும்பியதும் சீட்டையும் திரையையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். மளிகைக்கடைச் சீட்டை ஒப்பிடுகிற கண்ணுக்கு இது பெரிய வேலை இல்லை. எழுத்து சிறிதாக இருந்தால் இரண்டு விரலால் விரித்துக்கொள்ளுங்கள். தொடும் திரை இல்லை என்றால் பெரிதாக்கச் சொல்லுங்கள்.

திரையின் அடியில் பொத்தான் போலக் கட்டங்கள் இருக்கும். 'சப்மிட்' என்றால் அனுப்பு. 'எடிட்' என்றால் திருத்து. 'கேன்சல்' என்றால் வேண்டாம், விட்டுவிடு. நீங்கள் பார்த்து முடிக்கும் வரை சப்மிட் கட்டத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். தவறு இருந்தால் அந்த நேரத்தில் திருத்த அரை நிமிடம். அனுப்பிய பிறகு என்றால் எத்தனை நாள் அலைய வேண்டும் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும்.

வீட்டு வேலைக்குப் போகும் தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். அங்கே மேஜைமேல் இது இருக்கும். துடைக்கச் சொல்லுவார்கள். முதலில், அணைத்துவிட்டார்களா என்று கேளுங்கள். உலர்ந்த மெல்லிய துணியால் திரையை லேசாகத் துடையுங்கள். தண்ணீரைத் தெளிக்கவே கூடாது. பொத்தான்களுக்கு இடையில் நீர் போனால் உள்ளே கெட்டுவிடும். தூக்கும்போது திரையைப் பிடித்துத் தூக்காதீர்கள். அடிப்பாகத்தை இரண்டு கையாலும் பிடியுங்கள். குளிர்காலத்தில் ரஜாய் மேல் வைத்தபடி ஓடவிட்டால், காற்றுப் போகும் துளை அடைத்துச் சூடாகிவிடும். திரைக்கு மேலே ஒரு சிறு புள்ளி தெரிகிறதே, அது கேமரா. பக்கத்தில் விளக்கு எரிந்தால் அது பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

குறையும் சொல்ல வேண்டும். இது ஒன்றேகால் கிலோ, ஒன்றரை கிலோ எடை இருக்கும். சிலேட்டு போல ஒரு கையில் பத்து நிமிடம் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும். மடியில் வைத்துக்கொள்வதுதான் நல்லது. அதே திறன் உள்ள சாதாரண மடிக்கணினியை விட விலையும் கூடுதல். தட்டெழுத்து வேலை மட்டும் என்றால் மடங்கும் வகைக்குப் பணம் கொடுப்பது வீண் என்பது என் எண்ணம்.

பிள்ளைகளுக்காகப் பழையது வாங்க நேரு பிளேஸ் போகிறவர்கள் உண்டு. அங்கே துணிக்கடையும் உண்டு, கணினிக்கடையும் உண்டு. துணியை விரித்துக் கிழிசல் பார்க்காமல் வாங்குவோமா? இதையும் அப்படியே பாருங்கள். கீலை மெதுவாக முழுவதும் மடக்குங்கள். நெறிக்கும் சத்தம் வந்தாலும், திரை தளர்ந்து ஆடினாலும் வேண்டாம். திரையில் விரலை வைத்து, வாசலில் கோலம் இழுப்பது போல மூலைக்கு மூலை கோடு இழுங்கள். கோடு அறுந்தால் அந்த இடம் செத்துவிட்டது. அடிப்பாகம் உப்பியிருந்தால் உள்ளே பாட்டரி வீங்கியிருக்கிறது. அது தீப்பிடிக்கவும் கூடும், தொடாதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாத பொருள் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

பேச்சு போதும். இப்போது இருவர் இருவராக வாருங்கள். ஒருவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து, மற்றவரின் பெயரையும் பிறந்த ஆண்டையும் கேட்டுத் தட்ட வேண்டும். பிறகு திரையைத் திருப்ப வேண்டும். இந்தப் பக்கம் இருப்பவர் படித்துப் பார்த்து, தவறு இருந்தால் சொல்ல வேண்டும். கடைசி வரிசையில் இருக்கும் அம்மா, நீங்கள் முதலில் வாருங்கள். கையை முந்தானையில் துடைத்துக்கொள்ளுங்கள்.